‘கண்ணாடியில் தெரியாதவன்’ நாவலின் பின்தாள்

சென்ற மாதம் சுமதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் என் இடத்துக்கு உதவியாளராக வந்தவள்.

“அக்கா, இனிமே வாசகர் கருத்தெல்லாம் போன்லயே போட்டுக்கலாமாம். சொவுத்துல கட்டம் கட்டமா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. புக்குக்குப் பின்னால தாளு தெச்சு வெச்சிருக்கீங்களே, அத்தெல்லாம் பிரிச்சு எடுத்துடலாமான்னு ஒங்களக் கேக்கலாம்னுட்டு.”

“எல்லாத்தையும் எடு. ஒண்ண மட்டும் தொடாத.”

“எத?”

“கண்ணாடியில் தெரியாதவன்.”

“அந்த ரத்தக் காட்டேரி கதையா?” என்று சிரித்தாள். “அத்த எடுக்கவும் முடியாதுக்கா. கதைய வுட பின்னால இருக்கறதுதான் தடிமனா கீது.”

ஏன் தொடக் கூடாது என்பதை போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். முப்பது வருடத்துக்கு மேல் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தும், எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மாதாவை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் பங்குக் கோயிலான மாதா கோயிலுக்கு எதிர்ச்சாரியில் நூலகம். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெருக்குவதும் தண்ணீர் பிடித்து வைப்பதும்தான். முத்திரை குத்துவது, பதிவேட்டில் ஏற்றுவது, முதுகில் எண் எழுதி ஒட்டுவது எல்லாம் நூலகர் பக்கிரிசாமி சார் வந்த பிறகு அவரைப் பார்த்துப் பழகியவை. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அவர் செய்வார், நான் பார்ப்பேன். தப்பாகச் செய்தால் பேசாமல் மறுபடி செய்து காட்டுவார்.

சார் பாகூர்க்காரர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. திரும்பி வரும் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தடவை கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விடுவார். பஸ் டிக்கெட், மயிலிறகு, மாத்திரை அட்டை, புனிதர் படம் என்று உள்ளே மறந்து வைத்ததெல்லாம் மேசையில் விழும். அதை உரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கார்டை எடுப்பார். யாராவது, “இந்த புக்கு நல்லா இருக்குமா சார்?” என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். பின் அட்டையைத் திருப்பி அங்கே இருக்கும் தாளை விரலால் காட்டுவார். அவ்வளவுதான் பதில்.

அந்தத் தாள் அவருடைய ஏற்பாடு. மற்ற நூலகங்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது. திருப்பித் தரும் தேதி போடுகிற சீட்டுக்கு அடுத்தபடி, கோடு போட்ட தாள் ஒன்றை நூலால் தைத்து வைப்போம். பசை போட்டு ஒட்டக் கூடாது, தைக்க வேண்டும். படித்தவர் அதில் கருத்து எழுதலாம். பெயர் போடக் கூடாது, உறுப்பினர் எண் மட்டும். பேனாவால் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் கீழே பதில் எழுதலாம், ஆனால் மேலே இருப்பதை அடிக்கக் கூடாது. தாள் நிரம்பினால் இன்னொன்று தைப்பது என் வேலை. கெட்ட வார்த்தை எழுதியிருந்தால் கிழிக்கக் கூடாது. வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி மைதாப் பசையால் மேலே ஒட்ட வேண்டும். நான் ஒட்டுவேன், பட்டையின் ஓரத்தில் சார் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். ஊழியர்கள் நாங்கள் பின்தாளில் எழுதவே கூடாது.

பெரும்பாலும் ‘நன்று’, ‘அருமை’, ‘எழுத்து சிறியதாக உள்ளது’ என்றுதான் எழுதுவார்கள். அமலியின் புத்தகம் வரும்வரை ஒரு புத்தகத்துக்குக்கூட இரண்டாவது தாள் தைத்ததில்லை.

அமலி எங்கள் பங்கைச் சேர்ந்த பெண். ஊருக்குக் கிழக்கே காலனி. அவள் அம்மா அற்புதம் எங்கள் நிலத்திலும் அறுப்புக்கு வந்திருக்கிறாள். அமலி நாலாவது படிக்கும்போதே நூலகத்தில் உறுப்பினர். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. இந்தப் பெண்ணுக்கு மட்டும் வெள்ளிக்கிழமையும் புத்தகம் வேண்டும். அதனால் வியாழக்கிழமை மாலை சாரிடம் சொல்லி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவேன். மறுநாள் அவள் என் வீட்டு கேட்டில் வந்து நின்று, “அக்கா” என்பாள். கொண்டு வந்து கொடுப்பேன். வெயிலில் வந்திருக்கிறதே என்று ஒரு டம்ளர் காபியும் கொடுப்பேன். இப்படி எட்டு ஒன்பது வருடம். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

பிளஸ் டூ முடித்த வருடம், ஒரு பையோடு நூலகத்துக்கு வந்து இரண்டு புத்தகத்தை மேசையில் வைத்தாள். அட்டையில் சிவப்பாக ரத்தம் வழிந்தது, நடுவில் இரண்டு கோரைப்பல். கீழே அவள் பெயர். விழுப்புரத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டிருந்தது.

சார் எழுந்து நின்று வாங்கினார். கட்டைவிரலால் பக்கங்களை விட்டார். முத்திரையை எடுத்து ஊதி, முதல் பக்கத்திலும், திருட்டுப் போனால் அடையாளம் காண நாங்கள் முத்திரை வைக்கும் ரகசியப் பக்கத்திலும் தானே குத்தினார். “பிலோமினாம்மா, தாளு ரெண்டாவே தெச்சிடுங்க” என்றார். படிக்கும் முன்பே அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயி என்று ஒரு பையன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருவனிடம் கடிபட்டு ரத்தக் காட்டேரி ஆனவன். அன்று முதல் அவனுக்குப் பதினாறு வயதுதான். இப்போது திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வேலை செய்கிறான். கம்பெனி பஸ்ஸில் போகிறான், விடியும் முன்பு வந்துவிடுகிறான். அடையாள அட்டைக்கு அவனைப் போட்டோ எடுத்தால் நாற்காலி மட்டும் விழுகிறது. மனிதரைக் கடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். கோழிக்கடையில் ரத்தம் வாங்கிக் குடிக்கிறான். பிளஸ் ஒன் படிக்கிற ரோசிக்கும் அவனுக்கும் சிநேகம். அவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த வீட்டுக்குள்ளும் அவனாக நுழைய முடியாது. வீட்டுக்காரர் வாயைத் திறந்து ‘உள்ளே வா’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நூற்று எழுபது வருடமாக எந்தெந்த வாசலில் நின்றான் என்பதுதான் பாதிக் கதை.

அதில் ஒரு வாசல், மஞ்சள் கேட் போட்ட வீடு. அந்த வீட்டு அம்மா ரொம்பப் பிரியமாகப் பேசுவாள். “அம்மா எப்படி இருக்கா, நல்லா இருக்கியா” என்று விசாரிப்பாள், அவனுக்காக ஜெபிக்கிறேன் என்பாள், காபி கொண்டு வந்து கேட்டுக்கு மேலே நீட்டுவாள். லூயிக்குக் காபி இறங்காது. அவள் திரும்பியதும் பக்கத்திலிருக்கும் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவான். அந்த அம்மா வாயிலிருந்து ‘உள்ளே வா’ மட்டும் வரவே வராது. ரோசி கேட்கிறாள், “அவங்க மேல கோவமே வராதா உனக்கு?” லூயி சொல்கிறான், “கெட்டவங்களா இருந்தா வந்திருக்கும்.”

இந்த இடத்தைப் படித்து நான் அழுதேன். எத்தனையோ புத்தகத்தைத் தூசி தட்டியிருக்கிறேன், ஒரு புத்தகத்துக்காக அழுதது அதுதான் முதல். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அமலி வந்தபோது கேட்டிலேயே சொன்னேன்.

“அந்த கேட்டு அம்மா மேல எனக்கு அவ்ளோ கோவம்டி. நல்லவ மாரி பேசிக்கினே உள்ள கூப்டாம வுட்டாளே.”

அமலி என்னைப் பார்த்தாள். “அவங்க நல்லவங்கதான்க்கா” என்றாள். காபியைக் குடித்துவிட்டு டம்ளரை கேட் தூணின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரத்துக்குப் பிறகு புத்தகம் ஒரு நாள்கூட அலமாரியில் நிற்கவில்லை. பின்தாளைப் படிப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். சிலவற்றை நான் மறக்கவே மாட்டேன்.

ஒருவர் எழுதியிருந்தார்: ‘சித்திரை வெயிலில் நமக்கே தலை சுற்றுகிறது. ரத்தக் காட்டேரி பாண்டிச்சேரியில் நூற்று எழுபது வருடம் இருந்தது நம்பும்படி இல்லை. ஊட்டியில் வைத்திருக்கலாம்.’

அதன் கீழே வேறொருவர்: ‘ஊட்டிக்கு நீங்கள் போங்கள். அவன் எங்கள் ஊர்ப் பையன்.’

கோழிக்கடைக்காரர் ஒருவர் என்று நினைக்கிறேன்: ‘கோழி ரத்தத்தை வெங்காயம் போட்டு வறுத்துத்தான் சாப்பிடுவது வழக்கம். பச்சையாகக் குடித்தால் பேதி ஆகும். எழுத்தாளர் விசாரித்து எழுதியிருக்க வேண்டும். மற்றபடி கடையைப் பற்றி எழுதியது சரி.’

ஒரு பெண்: ‘எங்கள் வீட்டில் தினமும் பூண்டு ரசம். லூயி எப்படி வருவான்?’ அதற்குக் கீழே இன்னொருத்தி: ‘நீ கூப்பிடப் போவதே இல்லை. பூண்டு எதற்கு?’

பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் எழுதியது இது: ‘என் அண்ணன் திருபுவனையில் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். காட்டேரி என்று கிண்டல் செய்வோம். இனிமேல் செய்ய மாட்டேன். சோறு மூடி வைப்பேன்.’

பதினெட்டு வயதுப் பெண் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு ஊரில் இத்தனை பேர் இத்தனை விதமாக யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து பூசை பார்க்கிறவர்கள். யார் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் மார்கிரேட் வந்தாள். கோயிலில் அன்னையர் சபைத் தலைவி, நானும் அந்தச் சபையில்தான் இருக்கிறேன், எனக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதி. ஒரு மனுவில் பத்துப் பதினைந்து தாய்மார் கையெழுத்து வாங்கி வந்து சார் மேசையில் வைத்தாள். நாவலில் ஓர் அத்தியாயத்தில் லூயி ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்கால பூசைக்கு வந்து கோயில் கதவுக்கு வெளியே நிற்கிறான். ரத்தம் குடிக்கிறவனைக் கோயில் வாசலில் நிறுத்துவது நம் விசுவாசத்தைக் கேலி செய்வது, புத்தகத்தை எடுத்துவிட வேண்டும் என்று மனு.

சார் மனுவைப் படித்து முடித்து மடித்தார். “படிச்சீங்களா?” என்றார்.

“படிக்கிறதுக்கு இன்னா சார் இருக்குது. அட்டையிலயே ரத்தம் ஊத்துது. எம் பொண்ணு லைட்ட அணைக்க வுட மாட்டேங்குது.”

“படிச்சீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“உறுப்பினரா நீங்க?”

“இல்ல.”

சார் இழுப்பறையைத் திறந்து உறுப்பினர் படிவத்தை எடுத்து வைத்தார். பென்சிலைப் பிளேடால் சீவி, எங்கெங்கே நிரப்ப வேண்டுமோ அங்கே புள்ளி வைத்துக் கொடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “பதினஞ்சு நாள் டைமு. படிங்க. பின்னால எழுதுங்க. கையெழுத்துப் போட்டவங்களும் படிச்சிட்டு எழுதட்டும். வாசகர் வட்டக் கூட்டத்துல எல்லாக் கருத்தையும் ஒண்ணு விடாம வாசிப்போம். எடுக்கணும்னு முடிவானா நானே எடுத்துத் தரேன்.”

மார்கிரேட் வெளியே வந்து என்னிடம், “இன்னாடி பிலோ, கம்ப்ளெயிண்டு குடுக்க வந்தவள கட்டிப் போட்டுப் படிக்க வெக்கிறாரு ஒங்க சாரு” என்றாள். ஆனால் புத்தகத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டுதான் போனாள்.

செய்தி கேட்டு அமலி ஓடி வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. “எடுத்துடுவாங்களாக்கா?”

“சாரு இருக்காரு. பாப்போம்.”

“நம்ம ஊரு லைப்ரரில நம்பர் போட்டு வெச்சிருக்காங்கன்னு காட்டுனப்பறந்தான் எங்கம்மா என்ன எழுத வுட்டுச்சு. ரெண்டாவது புக்கு பாதில கீது. இங்க எடுத்துட்டாங்கன்னா அவ்ளோதான்க்கா. கம்பெனில சேத்து வுட்டுடும். நோட்டயும் எரிச்சிடும்.”

அற்புதத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் வந்த வாரம் நூலக ஜன்னலுக்கு வெளியே நின்று, “எதும்மா எம் பொண்ணுது?” என்று கேட்டாள். நான் அலமாரியைக் கை நீட்டிக் காட்டினேன். அந்த முதுகையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் அமலி சொன்னது வீண் பயம் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது அந்தப் புத்தகத்துக்காகவும் ஒரு வேண்டுதல் வைத்து ஜெபித்தேன். ரத்தக் காட்டேரிக்காக ஜெபமாலை சொன்னவள் எங்கள் பங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு பிரதி திரும்பி வந்தது. பின்தாளில் புதிதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

‘மஞ்சள் கேட் வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லையா? ஓரத்தில் செம்பருத்தி, தூணில் மாதா படம் போட்ட ஓடு, காபி டம்ளர். நமக்கு புக் எடுத்துக் கொடுக்கிற லைப்ரரி அக்கா வீடேதான். இப்போது பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.’

உறுப்பினர் எண்ணை வைத்து எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், அது சாரின் விதி.

முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கள் கேட் பச்சை. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். பச்சை அடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்பு மஞ்சள். வருடக் கணக்காக அந்தப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே நின்றிருக்கிறாள். வெயிலிலும் நின்றாள், மழையில் குடையோடும் நின்றாள். ஒரு நாள்கூட நான் தாழ்ப்பாளை எடுத்ததில்லை. கூடாது என்று நினைத்துச் செய்ததில்லை. என் மாமியார் காலனி ஆட்களை அப்படி நிறுத்துவார், நானும் நிறுத்தினேன், அதை ஒரு காரியமாக யோசித்ததே கிடையாது. அதே கேட்டில் நின்றுகொண்டு அந்த அம்மா மேல் கோபம் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

ஊரே கூடும் கூட்டத்தில் பின்தாளை வாசிக்கப் போவது நான்தான். சாருக்குக் குரல் எழும்பாது என்பதால் எப்போதும் நான்தான் வாசிப்பேன். என் வாயால் இதை எப்படி வாசிப்பது? மைதாப் பசை கிண்ணத்தை எடுத்தேன். ஒரு பட்டை வெட்டி அந்த வரிகளின் மேல் ஒட்டிவிட்டு சாரிடம் நீட்டினேன்.

சார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே ஒரு நிமிடம் பிடித்தார். “கெட்ட வார்த்தையா?” என்றார்.

“ஆமாம் சார்.”

வேறொன்றும் கேட்கவில்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

கூட்டம் சனிக்கிழமை காலை. அன்று நானும் விடியற்கால பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கும் முன்பு எல்லோரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொல்வோம். ஆண்டவரே, என் வீட்டுக்குள் நீர் வர எனக்குத் தகுதி இல்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. வாழ்நாள் முழுவதும் சொன்னது. அன்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நான் எழுந்து போய் நற்கருணை வாங்கவில்லை. பக்கத்தில் மார்கிரேட், “உடம்பு சரி இல்லியாடி?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

வாசகர் வட்டத் தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் நடுவில், ஓரத்தில் சார். பெஞ்சுகள் நிறைந்து ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள். அமலி கடைசி வரிசையில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுக்கச் சொன்னால் இரண்டு பிரதியையும் கையோடு கொண்டு போகத்தான் அந்தப் பை.

நான் வாசித்தேன். ஊட்டிக்குச் சிரித்தார்கள். கோழி ரத்தத்துக்கு அதைவிடச் சிரித்தார்கள். நைட் ஷிஃப்ட் அண்ணனுக்கு யாரும் சிரிக்கவில்லை. பிறகு மார்கிரேட் எழுதியது வந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள்.

‘அட்டைப் படம் அருவருப்பு. மாற்ற வேண்டும். கோயில் அத்தியாயத்தைக் கேலி என்று நினைத்தேன், கேலி இல்லை. பாவம் அவன் கதவுக்கு வெளியே நின்றாவது பூசை பார்க்கிறான். நம்மில் பாதிப் பேர் பிரசங்கத்தின்போது வெளியே போய் நிற்கிறோம். ரோசியின் அம்மா பேசுவது அப்படியே என் பேச்சு மாதிரி இருந்தது, என் பெண் படித்துப் படித்துச் சிரித்தாள். ஆனால் காதலைக் குறைத்திருக்கலாம். கடைசியில் லூயியை வெயிலில் சாகடித்தது தப்பு. அதற்காக எழுத்தாளர் மேல் எனக்கு வருத்தம்.’

“சாவலன்னா கதை முடியாதே ஆன்ட்டி” என்றது கடைசி வரிசை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அமலி பையில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த தாளைத் திருப்பினேன். பட்டை இருந்தது. அதைத் தாண்டி அடுத்த கருத்துக்குப் போக வாயைத் திறந்தேன். விரல் அந்தப் பட்டையை விட்டு நகரவில்லை. கூட்டம் காத்திருந்தது. சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தபால் தலை நனைக்க மேசையில் எப்போதும் இருக்கும் ஈரப்பஞ்சு டப்பாவை, பேசாமல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தபோதே படித்திருக்கிறார். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பஞ்சை எடுத்துப் பட்டையின் மேல் ஒற்றினேன். மைதாப் பசை ஈரம் பட்டால் இளகிவிடும். சாரின் கையெழுத்து நீலமாகக் கரைந்தது. பட்டையை உரித்து மேசையில் வைத்துவிட்டு, அடியில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

“இதுல கெட்ட வார்த்த எதுவும் இல்ல. நாந்தான் மறச்சேன். அது எங்க வூடுதான்” என்றேன்.

மார்கிரேட்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இவ கேட்டு மட்டுமா மஞ்சள்? எங்க வூட்டு கேட்டுக்கு கலரே இல்ல, துருதான். நானுந்தான் யாரயும் கூப்டல. உட்காருடி பிலோ.”

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்தவர்கள் மட்டும் கை தூக்கலாம் என்றார். புத்தகம் இருக்கட்டும் என்று கிட்டத்தட்ட எல்லாக் கையும் எழுந்தது. இரண்டு பேர் தூக்கவில்லை. அவர்கள் பெயரையும் குறித்துக்கொள்ளச் சொன்னார் சார், அது அவர்கள் உரிமை. மார்கிரேட் பிடிவாதத்தால் புத்தகத்தைச் சிறுவர் அலமாரியிலிருந்து பெரியவர் அலமாரிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு சிறுவர்கள் இன்னும் அதிகமாகக் கேட்டு வந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். “பட்ட ஒட்டுன எடத்துல தாளு மெலிஞ்சிருக்கும், பிலோமினாம்மா. கிழியாம பாத்துக்குங்க” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. நான் ஓய்வு பெறும் வரைக்கும் பேசவில்லை.

அமலி அன்று என்னிடம் எதுவும் சொல்லாமல் காலிப் பையோடு போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் எடுத்து வைத்த புத்தகம் அப்படியே டிவி மேல் கிடந்தது. நானே காலனிக்குப் போய்க் கூப்பிடலாமா என்று நினைப்பேன், போனால் ஏதோ பெரிய தயவு செய்ய வந்தவள் போல ஆகிவிடுமோ என்று நின்றுவிடுவேன். தகுதி இல்லை என்று சொல்வது சுலபம். ஒரு வார்த்தை சொல்வதுதான் எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, சாயந்திரம் நாலு மணி இருக்கும், கேட்டில் “அக்கா” என்று குரல் கேட்டது.

பழக்க தோஷம், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் கேட்டுக்கு மேலே நீட்டிவிட்டேன். அவளும் வாங்கக் கையை நீட்டினாள். அப்போதுதான் உறைத்தது. கையை இழுத்துக்கொண்டேன். தாழ்ப்பாளை எடுத்தேன். பெயிண்ட் பிடித்து இறுகிக் கிடந்தது, இரண்டு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது.

“உள்ள வா அமலி” என்றேன்.

அவள் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீரும் இருந்தது.

“நல்லா யோசிச்சிக்கங்கக்கா. ஒரு தபா கூப்ட்டுட்டா அப்பறம் நா எப்ப வேணாலும் வருவேன். நீங்க தடுக்க முடியாது. அதான் ரூலு. புக்குலயே எழுதியிருக்கேன்.”

“படிச்சிருக்கேன்டி. வா” என்றேன்.